குடல் ஒப்பரேசனும் என் சீனி வருத்தமும்: திகதி குடுத்த அன்றே கேட்டிருக்க வேண்டியவை

குடலில் கட்டி என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்த எல்லாரும் ஒப்பரேசனைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கே வெட்டுவார்கள், எத்தனை மணித்தியாலம், வயிற்றில் மலப் பை வைப்பார்களா என்று. சீனியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் என்னுடைய காசையும் தூக்கத்தையும் தின்றதும், ஒப்பரேசனையே ஒரு தரம் தள்ளிப்போட வைத்ததும் அந்தச் சீனிதான். எனக்கு வயது ஐம்பத்தேழு. மட்டக்களப்பில் கல்லாற்றுப் பக்கம் தனியாக இருக்கிறேன். அவர் காலமாகி வருசங்களாச்சு, மகன் கட்டாரில். வீட்டில் இருந்தே தையல் வேலை செய்கிறேன். சீனி வருத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்கே சரியாக ஞாபகமில்லாத அளவுக்குப் பழசு. கிளினிக்கில் மெட்ஃபோமினும் கிளிக்லசைட்டும் தருவார்கள், போடுவேன், அவ்வளவுதான். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. எனக்கு எழுதித் தந்த மருந்தளவு என் உடம்புக்கானது, அதைப் பார்த்து நீங்கள் உங்கள் மருந்தை மாற்றக்கூடாது. என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலத்தோடு இரத்தம் போனதை நான் மூலம் என்று நினைத்தேன். கமரா விட்டுப் பார்த்தபோது மலக்குடலின் மேல்பக்கத்தில் கட்டி. ஸ்கேன் எடுத்தார்கள், பரவவில்லை, வெட்டி எடுக்கலாம் என்றார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் நல்ல மனுசன், ஆனால் அவருடைய அறைக்கு வெளியே நிற்கும் சனத்தைப் பார்த்தால் அவர் மேல் கோபம் வராது. "சீனி இரிக்கா அம்மா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "மருந்து ஒழுங்காப் போடுறீங்களா?" ஓம். திகதி எழுதித் தந்தார். சீனியைப் பற்றிய கதை அந்த இரண்டு கேள்வியோடு முடிந்தது.

முதல் திகதிக்கு முதல் நாள் போய் வாட்டில் படுத்தேன். பின்னேரம் விரலில் குத்திப் பார்த்தால் சீனி 312 (mg/dL கணக்கில்). மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் எடுத்தார்கள், 10.4 வீதம் வந்தது. அடுத்த நாள் காலையில் மயக்க மருந்து டொக்டர் வந்து ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "இதோட செய்ய ஏலாது, சீனியைக் குறைச்சிட்டு வாங்க" என்றார். பட்டினி கிடந்த வயிறோடு துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாரி மழை. பஸ் ஸ்ராண்டில் நின்று நன்றாக அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே கட்டி இருக்கு, நாள் போகப்போக அது வளருமே என்ற பயம் ஒரு பக்கம். மறுபக்கம், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய அந்த வாரங்களில்தான் எனக்கு வருசத்தின் பெரிய வருமானம். சீருடைத் தையல். ஒப்பரேசன் என்று சொல்லி எல்லா ஓடரையும் திருப்பிக் குடுத்திருந்தேன். துணி கைமாறிப் போனால் பிறகு வராது.

ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. சீனி கூடிய இரத்தத்தில் காயம் ஆறுவது பிந்தும், கிருமி தொற்றுவது கூடும். குடல் ஒப்பரேசனில் இது இன்னும் பெரிய விசயம், ஏனென்றால் வெட்டிய இரண்டு முனையையும் உள்ளே பொருத்தித் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறாமல் கசிந்தால் மலம் வயிற்றுக்குள் இறங்கும், உயிருக்கே ஆபத்து. தைக்கிறவளுக்கு இதை விளக்கப்படுத்தத் தேவையில்லை. பிரித்தானியாவில் திட்டமிட்ட ஒப்பரேசன்களுக்கு எச்பிஏ1சி 8.5 வீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் புற்றுநோய்க் கட்டி என்றால் அந்த இலக்கம் இறங்கும் வரைக்கும் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எனக்கு, "சராசரி இறங்குறதுக்குக் காலம் எடுக்கும், இப்ப நாளாந்தச் சீனியைச் சரியாக்குவம்" என்று சொல்லி, காலையும் இரவும் மிக்ஸ்டாட் என்ற கலவை இன்சுலின் தொடங்கினார்கள். குடலில் இருந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இரும்புச்சத்துக் குறைந்தாலோ இரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்த எச்பிஏ1சி இலக்கம் உண்மையைக் காட்டாது. விரலில் குத்தி எழுதி வைத்த கொப்பியும் வேண்டும்.

ஆகவே, ஒப்பரேசன் திகதி கையில் வந்த அன்றே, ஏன், கட்டி என்று சொன்ன அன்றே, எச்பிஏ1சி எப்போது எடுத்தது என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் எடுக்கவில்லை என்றால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெளியே எடுத்தால் காசு போகும், ஆனால் வாட்டில் படுத்த பிறகு தெரியவருவதால் போகும் காசோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. சீனிக் கிளினிக்குக்கு அடுத்த முறைத் திகதி வரும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். சத்திரசிகிச்சை டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் இடையில் பார்ப்பார்கள். எனக்குப் பார்த்தார்கள்.

ஊசி தொடங்கியதும் அயலில் ஒரு மாமி வந்து, "ஊசி போடத் தொடங்கினா சாகுமட்டும் விடேலா புள்ள, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனா. அந்த ஒரு வசனத்தால் இரண்டு இரவு தூக்கம் போனது. அது அப்படியே உண்மை இல்லை. ஒப்பரேசன் காலத்துக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டுப் பிறகு குளிசைக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். சீனி பார்க்கும் மிசின் மகன் அனுப்பிய காசில் வாங்கினேன். மிசினை விட அதற்குப் போடும் ஸ்ரிப் தான் காசு தின்னும். வாங்க முதல் அந்த ஸ்ரிப் உங்கள் ஊர்ப் பாமசியில் கிடைக்குமா என்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மட்டக்களப்பு ரவுணுக்குப் போக வேண்டி வந்தது.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமானது. கிளினிக் மருந்து போதாமல், ஒப்பரேசன் கதை வருவதற்குக் கொஞ்ச நாள் முதல் நான் ஒரு பிரைவேட் டொக்டரிடமும் காட்டியிருந்தேன். அவர் எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒரு குளிசை கூட்டியிருந்தார். சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் குளிசை. நல்ல மருந்து, இதயத்துக்கும் நல்லது என்கிறார்கள். ஆனால் அது அரசாங்கக் கிளினிக் கொப்பியில் இல்லை, அவர் தந்த தனி அட்டையில் இருந்தது. முதல் தரம் வாட்டில் படுத்தபோது அன்று காலையும் அதைப் போட்டுவிட்டுத்தான் போனேன். கொப்பியைப் பார்த்து மருந்து எழுதினார்கள், அட்டையைக் கேட்கவில்லை. இரண்டாம் திகதிக்கு முந்தி மயக்க மருந்துக் கிளினிக்குக்குப் போனபோது ஒரு சின்ன வயதுப் பெண் டொக்டர், "வேற எங்கயும் மருந்து எடுக்கிறீங்களா அம்மா? பையில இரிக்கிற எல்லாத்தையும் மேசையில கொட்டுங்க" என்றா. கொட்டினேன். அந்தக் குளிசைப் பட்டையைக் கையில் எடுத்ததும் அவவின் முகம் மாறியது.

அவ சொல்லித் தந்ததை என் பாசையில் சொல்கிறேன். இந்த வகைக் குளிசையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால், உடம்பு கொழுப்பை எரித்து கீற்றோன் என்ற அமிலத்தை இரத்தத்தில் சேர்க்கும். சாதாரணமாக அந்த நிலை வரும்போது சீனி நானூறு ஐநூறு என்று ஏறி நிற்கும், எல்லாரும் உசாராகிவிடுவார்கள். இந்தக் குளிசையில் சீனி 180, 200 என்று நல்லபிள்ளையாக இருக்கும்போதே அது நடக்கும். அறிகுறி என்னவென்றால் ஓங்காளம், வாந்தி, வயிற்று நோ, வேகமான மூச்சு. குடல் ஒப்பரேசன் செய்தவருக்கு வாந்தியும் வயிற்று நோவும் வந்தால் யார் சீனிக் குளிசையை நினைப்பார்கள்? எல்லாரும் குடலைத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் ஒப்பரேசனுக்கு மூன்று நாள் முந்தியே அதை நிறுத்த வேண்டும். குடல் கழுவும் ஒப்பரேசன் என்றால் பட்டினி முதல் நாளே தொடங்கிவிடுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் குளிசையின் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிந்தால், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எதுவாக இருந்தாலும், அதை ஒப்பரேசன் டொக்டருக்கும் மயக்க மருந்து டொக்டருக்கும் வாயால் சொல்லுங்கள். கொப்பியில் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

மூன்று இடத்து டொக்டர்மார், மூன்று விதமான காகிதம், ஒருவருடைய காகிதத்தை மற்றவர் காண்பதில்லை. எல்லாவற்றையும் காவிக்கொண்டு திரிவது நாம்தான். அந்தப் பெண் டொக்டர் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் மருந்தின் பெயர், மேலே நாள் என்று எழுதித் தந்தா. எம்பாகிளிஃப்ளோசின் மூன்று நாள் முந்தி நிறுத்தம். கிளிக்லசைட் குடல் கழுவும் நாளிலிருந்து நிறுத்தம், ஏனென்றால் சாப்பாடு இல்லாத வயிற்றிலும் அது சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். மெட்ஃபோமினும் அன்றிலிருந்து நிறுத்தம், உடம்பில் நீர் வற்றும் நேரம் அது கூடாதாம், சாப்பாடு தொடங்கி சிறுநீரகப் பரிசோதனை சரியாக வந்த பிறகு திரும்ப. இன்சுலின் குடல் கழுவும் நாளில் பாதி. ஒப்பரேசன் அன்று காலை வாட்டில் சொல்வதைக் கேட்பது. கீழே கையெழுத்து, திகதி. இப்படி ஒரு தாளை வாங்காமல் மயக்க மருந்துக் கிளினிக்கை விட்டு வெளியே வராதீர்கள். நேரமில்லை என்று சொன்னால் நீங்களே மருந்துகளின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

ஒப்பரேசனுக்கு முந்திய நாட்களில் சக்கை குறைந்த சாப்பாடு சாப்பிடச் சொன்னார்கள். இது சீனிக்காரருக்கு ஒரு கூத்து. இவ்வளவு காலமும் குரக்கன் பிட்டு, சிவப்பரிசி, கீரை, தோலோடு பயறு என்று சாப்பிடச் சொன்னவர்கள், இப்போது அதெல்லாம் வேண்டாம், வெள்ளைச் சோறு, பாண், முட்டை, மீன், தோலும் விதையும் இல்லாதவை மட்டும் என்கிறார்கள். குடலில் சக்கை தேங்கக்கூடாது என்பதற்காக. சரிதான், ஆனால் பாணும் வெள்ளைச் சோறும் சீனியை ஏற்றாமல் விடுமா? நான் செய்தது, பாணின் அளவைக் குறைத்து முட்டையையும் அவித்த மீனையும் கூட்டியது, அத்தோடு விரலில் அடிக்கடி குத்திப் பார்த்தது. சொதியில் தேங்காய்ப் பூ கிடக்காமல் வடித்தேன்.

குடல் கழுவும் மருந்தை வாட்டில் வைத்துக் குடிக்கத் தந்தார்கள். பவுடரைத் தண்ணீரில் கரைத்து லீற்றர் கணக்கில் குடிக்க வேண்டும். (எல்லாக் குடல் ஒப்பரேசனுக்கும் இது இல்லை, வலப்பக்கக் குடல் என்றால் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.) அதன் சுவையைப் பற்றியும் கக்கூசு வாசலைப் பற்றியும் எழுதி உங்களைப் பயப்படுத்தவில்லை. எழுத வேண்டியது அந்த இரவைப் பற்றி. பின்னேர ஊசி வந்தபோது மிஸ்ஸி (தாதி) கிளினிக் கொப்பியைப் பார்த்து முழு அளவையும் ஏற்றினா. பாதி என்று எழுதிய தாள் என் பைக்குள். அதை வாட்டுக்குள் வந்தபோதே ஒரு மிஸ்ஸியிடம் காட்டியிருந்தேன், அவ வேலை முடிந்து போய்விட்டா. நடு இரவில் கக்கூசுக்கு வரிசையில் நிற்கும்போது வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. வயிறு இவ்வளவு தரம் போனால் களைக்காமல் என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி ராத்தா ஒருவர். அவவுக்கும் சீனி. "என்னகா மனே, இப்பிடி வேர்க்கி? இது சீனி இறங்கினதுகா" என்று சொல்லி மிஸ்ஸியைக் கூப்பிட்டா. குத்திப் பார்த்தால் 54.

குடல் கழுவும் களைப்பும் சீனி இறங்கும் களைப்பும் ஒரே மாதிரித்தான் இருக்கும், குத்திப் பார்த்தால் ஒழியப் பிரிக்க முடியாது. அந்த இரவு ஒவ்வொரு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது உங்கள் மிசினைக் கொண்டு போங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். பால், பிஸ்கற், பழத்தின் சதை அந்த நேரம் கூடாது, தெளிந்த பானம்தான். சிவப்பு நிறப் பானமும் வேண்டாம், குடலுக்குள் அது இரத்தம் போலத் தெரியும். பட்டினி நேரம் தொடங்கிய பிறகு இறங்கினால் நீங்களாகக் குடிக்காமல் உடனே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். "பட்டினி இருக்கச் சொன்னாங்க" என்று பேசாமல் கிடப்பதுதான் ஆபத்து. அந்தத் தாளை வாட்டில் உங்கள் பெயரில் இருக்கும் ஃபைலில் பின் அடித்து வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதியைப் போட்டோ எடுத்து போனில் வையுங்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும், ஊசி ஏற்றுவதற்கு முந்தி, "எத்தனை போடுறீங்க மிஸ்ஸி?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்கவில்லை.

ஒப்பரேசன் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீனிக்காரரைப் பட்டியலில் முதல் ஆளாக எடுப்பது நல்லது, பட்டினி நேரம் குறையும். எனக்கு அப்படித்தான் எடுத்தார்கள், கேட்டும் வைத்திருந்தேன். ஒரு கையில் குளுக்கோஸ் சேலைன், இன்னொரு பக்கம் மிசினில் சொட்டுச் சொட்டாக இன்சுலின், மணித்தியாலத்துக்கு ஒருக்கா விரலில் குத்து. 108க்கும் 180க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள்.

கண் முழித்த அன்று இரவு சீனி 290. சாப்பிடவே இல்லை, எப்படி ஏறியது என்று எனக்குப் பயம். வெட்டுக் காயத்தின் அதிர்ச்சியிலேயே உடம்பு சீனியை ஏற்றுமாம், வாந்தி வராமல் இருக்க மயக்க நேரத்தில் குடுக்கும் டெக்சாமெதசோன் என்ற மருந்தும் ஏற்றுமாம். அது தானாக இறங்கும் வரைக்கும் இன்சுலினைக் கூட்டிச் சமாளித்தார்கள். பிறகு கஞ்சி தொடங்கியது. அங்கே ஒரு பாடம்: சாப்பாட்டைக் கண்ணால் காணுமட்டும் கலவை இன்சுலின் ஊசியைப் போட விடாதீர்கள். ஒப்பரேசன் செய்த குடல் சில நாள் வேலை செய்யாமல் கிடக்கும், இரண்டு கரண்டி போனதும் வாந்தி வரும். ஊசி உள்ளே போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது. "எனக்கு ஓங்காளமா இரிக்கி, சாப்பிடேலாது போல" என்று முந்தியே சொன்னால் அளவை மாற்றுவார்கள். பார்க்க வந்தவர்கள் கொண்டு வந்த நெஸ்டமோல்ட், மாரி பிஸ்கற், முந்திரிகைப் பழம் எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு சின்னக் கடை. அன்பு தான், என்ன செய்வது. ராத்தாவின் பேரப்பிள்ளைகளுக்குக் குடுத்தேன்.

எனக்குத் தற்காலிகமாகச் சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை வைத்திருக்கிறார்கள். பையோடு சீனி என்பது தனிக் கதை. தண்ணியாகப் போகும்போது உடம்பில் உப்பும் நீரும் வற்றும். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் இன்னும் கூடப் போகும், ஜீவனி என்ற உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கரைசல்தான் வேண்டும். அது இனிக்கிறதே, சீனி ஏறுமே என்று நான் தொடவே இல்லை, தலை சுற்றி விழப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தயாரிக்கும் கரைசலில் ஒரு லீற்றருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். சோடாப் போத்தலில் லீற்றருக்கு நூறு கிராம் அளவில் சீனி இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. ஒரு நாளில் பை ஒன்றரை லீற்றருக்கு மேல் போனால் வீட்டில் இருக்காமல் வாட்டுக்குப் போன் பண்ணச் சொன்னார்கள். அந்த நிலையில் மெட்ஃபோமினை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்கள், எம்பாகிளிஃப்ளோசினைத் திரும்பத் தரவே இல்லை. இன்னொன்று, மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபோமின் குளிசை ஒரு நாள் பையில் முழுசாகக் கிடந்தது. மருந்து இறங்கிய வெறும் கோதும் அப்படித் தெரியலாமாம், ஆனால் சிறுகுடல் பை உள்ளவர்களுக்கு அந்த வகை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது என்று சாதாரணக் குளிசைக்கு மாற்றினார்கள். பை வைத்தவர்கள் கிளினிக்கில் இதைச் சொல்லுங்கள், உடுப்புக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு பள்ளம். வாட்டில் கூட்டிய இன்சுலின் அளவோடு அனுப்பினார்கள். காயம் ஆற ஆற, உடம்பு மெலிய மெலிய, அந்த அளவு எனக்குக் கூடிப்போனது. விடியப்புறம் நடுக்கத்தோடு எழும்பினேன், ஒரு நாள் 61, ஒரு நாள் அதற்கும் கீழே. தனியாக இருக்கிறவளுக்கு இது சின்ன விசயம் இல்லை. தலைமாட்டில் குளுக்கோஸ் பக்கெற்றும் தண்ணீரும், கதவு உள்தாழ்ப்பாள் போடாமல், அயல்வீட்டுப் பிள்ளையின் நம்பர் போனில் முதலாவதாக. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அடிக்கும்படி அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வைத்தேன், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். துண்டு வெட்டி, அதாவது டிஸ்சாஜ் பண்ணி, வீட்டுக்கு அனுப்பும்போது கிளினிக் திகதி ஒரு மாதத்துக்குப் பிறகு என்று எழுதியிருந்தால், ஒரு வாரம் பத்து நாளில் சீனியை மட்டும் பார்க்கத் திகதி கேளுங்கள். விரலில் குத்தி எழுதிய கொப்பியைக் கொண்டு போனதும் அளவைப் பாதிக்குக் கிட்டக் குறைத்தார்கள்.

செலவு என்று பார்த்தால், ஒப்பரேசனுக்கு ஒரு சதமும் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரி. ஓட்டோக் கூலி, வெளியில் எடுத்த பரிசோதனை, மிசின், ஸ்ரிப், திருப்பிக் குடுத்த சீருடை ஓடர் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்குக் கிட்டப் போனது. அதில் பாதிக்கு மேல் முதல் திகதி தவறியதால் வந்தது.

இப்போது பையை எடுத்துக் குடலை உள்ளே வைத்து மூடும் ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. திரும்பவும் மயக்க மருந்துக் கிளினிக்குக்குப் போனேன். எச்பிஏ1சி 6.8 என்று வந்திருந்தது. எனக்குப் பெரிய சந்தோசம். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்தார், "இடையில இரத்தம் ஏத்தினவங்களா?" என்று கேட்டார். ஓம், இரண்டு பை. ரிப்போட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "அப்ப கொப்பியைத் தாங்க அம்மா" என்று கை நீட்டினார். விரலில் குத்தி எழுதிய இலக்கங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் திகதியை உறுதிப்படுத்தினார். தாளும் எழுதித் தந்தார், இந்த முறை நான் கேட்பதற்கு முந்தியே.